முழுத் திருப்தி

வீட்டில் இணைய இணைப்பு படுத்துக்கொண்டவர்களுக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொல்வதுதான் அவருடைய வேலை. அந்த வேலையை அவர் தன் வீட்டிலிருந்தே செய்தார். அவர் வீட்டு இணைப்பும் அதே நிறுவனத்தினுடையது. பணியில் இருப்பவர்கள் வேறு நிறுவனத்தின் இணைப்பை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. அந்த இணைப்பும் விட்டுவிட்டுத்தான் வந்தது.

சேவை மையத்தில் எல்லோரும் அவரைப் பொறுமை என்று கூப்பிட்டார்கள். ‘கொஞ்சம் பொறுமையா இருங்க சார்’ என்று தொடங்காமல் அவருக்குப் பேச்சு வராது என்பதால் கூட வேலை செய்கிற இளசுகள் வைத்த பெயர். அந்த இளசுகளில் ஒருவரைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. எல்லோரும் அவரவர் வீட்டில், அவரவர் படுக்கையறை மூலையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். வயதில் இவர்தான் மூத்தவர், வேலையில் கடைக்குட்டி.

இதற்கு முன் மரச்சாமான் கடை ஒன்றில் விற்பனையைப் பார்த்துக்கொண்டார், கடையை மூடினார்கள். பிறகு மருந்துக் கம்பெனியின் கிடங்கு. கம்பெனி கைமாறியது, புதிய முதலாளி தன் ஆட்களோடு வந்தார். இது மூன்றாவது இடம். இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. மாதக் கடைசியில் மதிப்பெண்களைப் பார்த்து, வேலையை நிரந்தரமாக்குவதா, கும்பிடு போட்டு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். அனுப்பிவிட்டால் போக இடம் இல்லாமல் இல்லை. மைத்துனருக்கு டயர் கடை இருந்தது. “மாமாவுக்குன்னு ஒரு நாற்காலி எப்பவும் இருக்கும்” என்று மைத்துனர் குடும்ப விசேஷங்களில் நாலு பேர் காதில் விழும்படி சொல்வார். அந்த நாற்காலியை நினைத்தாலே பொறுமைக்கு முதுகு வலித்தது.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வலிக்காமல் குத்துவாள் என்று கூடத்தில் பெயர் எடுத்தவள். வீட்டில் அந்தச் சலுகை கிடையாது.

அவருடைய அலுவலகம் என்பது படுக்கையறை மூலையில் விரித்து வைத்த துணி தேய்க்கும் பலகை. அதன்மேல் கணினி. மோடம் மட்டும் முன்னறை ஜன்னல் விளிம்பில், ஒரு பிஸ்கட் டப்பாவின் மேல் இருந்தது. உயரத்தில் வைத்தால் நன்றாக எடுக்கும் என்று எப்போதோ வந்த மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனது. மோடத்திலிருந்து கணினிக்கு நீளமான நீலக் கேபிள் ஒன்று முன்னறையைக் கடந்து, கதவு நிலையின்மேல் ஏறி, துணிக் கிளிப்புகளில் தொங்கிக்கொண்டு வந்தது. வாடிக்கையாளர்களின் அழைப்புகளும் அதன் வழியாகத்தான் வந்தன. கேபிள் இல்லாமல் காற்றில் வரும் இணைப்போ அடுக்களையைக்கூடத் தாண்டாது.

காலையில் ஹெட்போனை மாட்டியதும் முதல் அழைப்பு விழும்.

“நாலஞ்சு நாளா நெட் இல்லங்க. போன தடவையும் ஒருத்தர் இப்படித்தான் பார்க்கறேன் பார்க்கறேன்னாரு. இன்னும் பார்த்துக்கிட்டே இருக்காரு போல.”

“கொஞ்சம் பொறுமையா இருங்க சார். உங்க மோடத்துல பச்சை விளக்கு எரியுதா?”

“எரியுது. எரிஞ்சு? அதுல டீ போட முடியுமா?”

“சரி சார். இப்ப மோடத்தை அணைச்சுட்டு, நிதானமா நூறு எண்ணிட்டு, திரும்பப் போட்டுப் பாருங்க.”

“எண்ணிட்டேன்யா! எண்ணி எண்ணி எனக்கு எண்ணே மறந்துபோச்சு. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆளு எப்ப வருவா—”

அவ்வளவுதான். முன்னறை ஜன்னலில் பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது. பொறுமை எழுந்து, கேபிளைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறவர் போலப் போய், மோடத்தை அணைத்துவிட்டு நூறு எண்ணத் தொடங்குவார். ஊருக்குச் சொன்ன மருந்தைத் தானும் குடித்தாக வேண்டியிருந்தது. அறுபதைத் தாண்டும்போதெல்லாம் டயர் கடை நாற்காலி கண்முன் வரும். எத்தனை பேரை இப்படிப் பாதியில் விட்டிருக்கிறோம், அத்தனையும் எங்கேயோ பதிவாகிக்கொண்டிருக்கும், மாதக் கடைசியில் எடுத்து மேசையில் போடுவார்கள்.

இந்தக் கூத்துக்கு மேலிருந்து பின்னணி ஓடும். மேல்மாடியில் கணக்கு டீச்சர் இருந்தார். பள்ளி வேலையை விட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் கணினி வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். ஒரு வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ப் பழகிய குரல். கணினிக்கு அவ்வளவு வேண்டாம் என்று அதற்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும்.

“ஏங்க, நேத்து தூக்கத்துல ‘கீழ் எண்ணைப் பொதுவாக்கு’ன்னு சொன்னீங்க” என்றாள் மனைவி, ஒரு காலையில். “பாவம், உங்களுக்கு ரெண்டு வேலை.”

“கிண்டல் பண்ணு. இந்த லைன் இப்படியே போனா அடுத்த மாசம் எனக்கு வேலையே இருக்காது.”

“ஊர்ல இருக்கறவங்க லைன் போனா யாருக்குப் போன் பண்ணுவாங்க?”

“எங்களுக்கு.”

“நீங்களும் பண்ணுங்க. உங்க கம்பெனி என்ன உங்களுக்கு மட்டும் மாட்டேன்னா சொல்லப்போகுது?”

பொறுமை தன் கைபேசியில் தன் நிறுவனத்தைக் கூப்பிட்டார். நிறுவனத்தின் பாட்டு ஓடியது. அது தன் வேலைக்குச் சம்பந்தப்பட்ட பாட்டு என்றாலும் அவர் அதை முழுதாகக் கேட்டதில்லை. இவ்வளவு மோசமானது என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் ஒரு இளம்பெண் குரல் வந்தது. புதிதாகச் சேர்ந்தவள், போன வாரக் கூட்டத்தில் திரையின் ஓரத்தில் கொட்டாவி விட்டவள்.

“வணக்கம் சார், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?”

“லைன் அடிக்கடி கட் ஆகுதும்மா. மோடத்துல பச்சை விளக்கு எரியுது. அணைச்சு நூறு எண்ணியும் போட்டாச்சு. அதனால அதை விட்டுட்டு, அடுத்தது சொல்லு.”

என்ன பேச வேண்டும் என்று நிறுவனம் எழுதிக்கொடுத்த வழிகாட்டிப் பக்கத்தில் அவள் அடுத்த வரியைத் தேடுகிறாள் என்று இவருக்குத் தெரியும். அடுத்த வரி கிடையாது என்றும் தெரியும்.

“சார், மோடத்துல பச்சை விளக்கு எரியுதா?”

“எரியுது.”

“அணைச்சுட்டு நூறு...” என்றவள் நிறுத்தினாள். “உங்க குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு.”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க.”

“கொஞ்சம் பொறுமையா இருங்க சார்” என்றாள் அவள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் அவருக்குக் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி. அதைத் திறந்து படித்தபோது மோடத்தில் சிவப்பு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது.

அதே வாரத்தில் மேற்பார்வை மேடம் கூப்பிட்டார். அவர் யாரையும் சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை. பொறுமை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்று பேசினார்.

“உங்க மதிப்பெண்ணைப் பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றார் மேடம்.

“மேடம், நானே சொல்லணும்னு இருந்தேன்...”

“என்ன சொல்லப்போறீங்க? மையத்துலயே நீங்கதான் முதல். வாடிக்கையாளர் திருப்தி, நூத்துக்கு தொண்ணூத்தெட்டு. பேசற நேரம், எல்லாரையும் விடக் குறைச்சல். எனக்கே நம்ப முடியல.”

பொறுமைக்கும்தான். மெல்ல மெல்லக் கேட்டு விஷயத்தை வாங்கினார். அழைப்பு முடிந்ததும் எந்திரம் வாடிக்கையாளரிடம் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை அழுத்தச் சொல்லும். எதையும் அழுத்தவில்லை என்றால் ஐந்து என்று எடுத்துக்கொள்ளும். குறை இருந்தால் அழுத்தியிருப்பாரே, அழுத்தவில்லை என்றால் குறை இல்லை என்பது நிறுவனத்தின் தத்துவம். லைன் அறுந்துபோனவர் எதை அழுத்துவார்?

“நடுவுல கட் ஆகற அழைப்பெல்லாம், மேடம்?”

“கட் ஆனதுன்னு நம்மகிட்ட தனியா எதுவும் கிடையாதே. முடிஞ்சது, முடியாதது. ரெண்டுதான்.”

தன்னைக் கவிழ்க்கும் என்று இத்தனை நாள் பயந்த ஓட்டைதான் தன்னைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்பது உறைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மனைவியிடம் சொன்னார். அவள் சிரித்து முடித்துவிட்டு, “அப்ப லைனைத் தொடாதீங்க. தூங்கற சிங்கத்தை எழுப்பாதீங்க” என்றாள்.

ஆனால் மேடம் எழுப்பிவிட்டார். அடுத்த கூட்டத்தில், திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் எல்லோரும் முகம் காட்டிக்கொண்டிருந்தபோது, “உங்க வெற்றியோட ரகசியம் என்னன்னு இவங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க” என்றார்.

பொறுமைக்கு மனசு உறுத்தியது. இந்தப் பிள்ளைகள் தன்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள். நல்ல லைன் வைத்திருக்கும் பாவத்துக்காகக் குறைந்த மதிப்பெண் வாங்குகிறவர்கள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

“மேடம், உண்மையைச் சொல்லணும்...” என்று தொடங்கினார்.

பச்சை விளக்கு சிவப்பானது. திரையில் அவர் வாய் திறந்தபடி உறைந்துபோனார். ஓடிப்போய் மோடத்தை அணைத்து, எண்ணி, மறுபடி உள்ளே வந்தபோது எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பார்த்தீங்களா? உண்மையைச் சொல்லணும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை அதிகமா பேசல” என்றார் மேடம். “இதுக்காகவே நிர்வாகம் உங்களுக்கு ஒரு பரிசு அறிவிச்சிருக்கு. உங்க வீட்டுக்குத் தங்கத் தடம்!”

தங்கத் தடம் என்பது நிறுவனத்தின் ஆக வேகமான, அறுந்தே போகாத இணைப்பு. விளம்பரங்களில் மட்டும் பார்க்கக் கிடைப்பது.

“ஐயோ, வேண்டாம் மேடம்.”

“எவ்வளவு அடக்கம் பாருங்க” என்றார் மேடம். மறுபடி கை தட்டினார்கள்.

தங்கத் தடத்தைக் கொண்டுவந்தவர் ஏணிக்காரர். அந்த வட்டாரத்தில் கம்பத்தில் ஏறுகிற வேலை அவருடையது. ஸ்கூட்டரில் ஏணியைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு, தெருவில் இருக்கிற எல்லாரையும் ஒதுங்கச் செய்தபடி வருவார். வாசல் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து, மேலே இருந்த சாம்பல்நிறப் பெட்டியைத் திறந்தார். பொறுமை கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். புது கேபிள், புதுக் கருவி என்று எதுவும் இல்லை. ஏணிக்காரர் ஒரு வயரைப் பிடுங்கினார், இன்னொரு வயரைப் பிடுங்கினார், இடம் மாற்றிச் சொருகினார், பெட்டியை மூடினார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார். இனிமே பறக்கும்.”

“இதுவா தங்கத் தடம்?”

ஏணிக்காரர் இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டார். “பெட்டியில வயர் சொருகற நல்ல துளை கொஞ்சம்தான் சார். வீடு ஏகப்பட்டது. புதுப் பெட்டி கேட்டா மேல தரமாட்டாங்க. அதனால இருக்கறதை மாத்தி மாத்திக் குடுப்போம்.”

“அப்ப இந்தத் துளை யாரோடது?”

“யாரோ ஒருத்தரோடது. இப்ப உங்களோடது.”

“அவங்களுக்கு?”

“அவங்க புகார் குடுப்பாங்க. ரொம்பக் கத்துனாங்கன்னா வேற ஒருத்தரோட துளையை எடுத்து அவங்களுக்குக் குடுப்பேன். எனக்கும் தினம் இத்தனை புகாரை முடிக்கணும்னு இருக்கு சார். துளை சுத்திக்கிட்டே இருந்தாத்தான் என் வண்டி ஓடும்.” ஏணியைக் கட்டிக்கொண்டே, “யார் கத்தலையோ அவங்கதான் மாட்டுவாங்க” என்று கூடுதலாக ஒரு தகவலும் கொடுத்துவிட்டுப் போனார்.

இணைப்பு உண்மையிலேயே பறந்தது. விளக்கு பச்சையாகவே நின்றது. அன்றைக்கு மதியம் வீடே வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. மேலிருந்து சத்தம் இல்லை. பிள்ளைகளுக்கு விடுமுறை போல என்று பொறுமை நினைத்துக்கொண்டார். தேர்வு நெருங்குகிற சமயத்தில் என்ன விடுமுறை என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருந்தது.

இப்போது வாடிக்கையாளர்கள் முடிவுவரை பேசினார்கள். ஒரு பெரியவர் தன் வீட்டு இணைப்பின் கதையை அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து சொன்னார். ஒரு அம்மாள் புகாரைச் சொல்லி, அழுது, அழுகையை முடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி புகாரைத் தொடங்கினார். மோடத்தில் டீ போட முடியுமா என்று கேட்டவர் திரும்ப வந்தார். அவர் வீட்டிலிருந்து பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து அனுப்புகிறவராம். இப்போது ஒவ்வொரு படத்தையும் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் அனுப்புகிறாராம். எல்லாம் கேட்டுவிட்டு, பொறுமை தன்னிடம் இருந்த ஒரே மருந்தைச் சொன்னார்.

“நூறு எண்ணுங்க சார்.”

“உன்னை எண்ணறேன் இரு” என்று சொல்லிவிட்டு அவர் ஒன்றை அழுத்தினார். எல்லோரும் ஒன்றையே அழுத்தினார்கள். இரண்டு அழுத்தியவர் கைதவறி அழுத்தியிருக்க வேண்டும்.

மேடம் கூப்பிட்டார். குரலில் பழைய தேன் இல்லை. “வீட்ல ஏதாவது பிரச்சனையா? பரிசு கொடுத்ததும் அலட்சியம் வந்துடுச்சான்னு மேல கேட்கறாங்க. நாளான்னைக்கு முடிவு எடுக்கறாங்க, ஞாபகம் இருக்கட்டும்.”

வேறு வழி தெரியாமல் பொறுமை மறுபடியும் தன் கைபேசியில் தன் நிறுவனத்தைக் கூப்பிட்டார். அதே இளம்பெண்தான் எடுத்தாள்.

“சொல்லுங்க சார், என்ன பிரச்சனை?”

“லைன் ரொம்ப நல்லா இருக்கும்மா.”

“சார்?”

“கட் ஆகவே மாட்டேங்குது. பழைய மாதிரி ஆக்கிக் குடுக்க முடியுமா?”

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. “சார், அதுக்கு இங்க கட்டம் இல்லையே. ‘வேகம் குறைவு’ இருக்கு, ‘இணைப்பு இல்லை’ இருக்கு, ‘இதர’ இருக்கு. ‘இதர’ன்னு போட்டா யாரும் பார்க்க மாட்டாங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அணைச்சுட்டு நூறு எண்ணிப் பாருங்களேன்.”

முடிவு நாள் வந்தது. மனைவிக்கு வார விடுமுறை. காலையிலேயே மேடம் எச்சரித்துவிட்டார். “தலைமை அலுவலகத்துல இருந்து ஒருத்தர் இன்னைக்கு உங்க அழைப்பைக் கூடவே இருந்து கேட்பார். நல்லா நடந்தா நிரந்தரம். ஒண்ணு மட்டும் சொல்றேன், இன்னைக்கு லைன் கட் ஆகக் கூடாது. தங்கத் தடம் குடுத்தாச்சு. கட் ஆனா நீங்க வேணும்னு பண்ணதாத்தான் எடுத்துப்பாங்க.”

“சரி மேடம்.”

மதியத்துக்கு மேல் அந்த அழைப்பு வந்தது. திரையின் மூலையில் ஒரு சின்னக் காது படம் தோன்றியது. தலைமை அலுவலகம் கேட்கத் தொடங்கிவிட்டது என்று அடையாளம்.

“வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?” தன் குரல் தனக்கே தெரியாத அளவுக்கு மெருகேற்றிக் கேட்டார்.

“நான் ஒரு டீச்சர் சார். வீட்ல இருந்து பாடம் எடுக்கறேன். ஒரு வாரமா நெட் சுத்தமா இல்ல.”

பொறுமை ஹெட்போனைச் சரிசெய்தார். ஏதோ எதிரொலி. ஒவ்வொரு சொல்லும் காதில் ஒருமுறை, தலைக்குமேல் ஒருமுறை கேட்டது. ஹெட்போனைக் காதிலிருந்து லேசாக விலக்கினார். “பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது சார்” என்றது மேற்கூரை.

“கொஞ்சம் பொறுமையா இருங்க மேடம்” என்றார். “மோடத்துல பச்சை விளக்கு எரியுதா?”

“எரியுது. எல்லாரும் இதையே கேட்கறீங்க. இது நாலாவது தடவை நான் கூப்பிடறது. ஒவ்வொரு தடவையும் தீர்த்தாச்சுன்னு மெசேஜ் வருது. என்னத்தைத் தீர்த்தீங்க? மொபைல்ல பாடம் எடுத்தா பாதிப் பாடத்துல டேட்டா தீர்ந்துபோகுது. பெருக்கல்ல விட்டா பிள்ளைங்க வகுத்தல்ல வந்து நிக்குது. நேத்தோட மூணு பிள்ளைங்க நின்னாச்சு. வேற டீச்சர் பார்த்துக்கறாங்களாம்.”

“எப்பலேருந்து மேடம் இப்படி?”

“எங்க தெருவுக்கு ஏணி எடுத்துக்கிட்டு ஒருத்தர் வந்தார். கீழ யார் வீட்டுக்கோ என்னவோ பண்ணிட்டுப் போனார். அன்னைலேருந்துதான்.”

பொறுமைக்கு ஏணிக்காரர் போகும்போது சொன்னது ஞாபகம் வந்தது. யார் கத்தலையோ அவங்கதான் மாட்டுவாங்க. ஊர் அறிந்த குரல் அது. பாடத்துக்கு மட்டும்தான் பயன்பட்டது. புகார் சொல்லும்போது டீச்சர் கத்தவில்லை. திரை மூலையில் காது அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

“சரி மேடம். இப்ப மோடத்தை அணைச்சுட்டு...”

“நூறு எண்ணணும். தெரியும். இருங்க.”

மேலே காலடிச் சத்தம் தலைக்குமேல் நடந்து ஜன்னல் பக்கம் போனது. டக் என்று சுவிட்ச் சத்தம். டீச்சர் எண்ணத் தொடங்கினார். கணக்கு டீச்சர் அல்லவா, ஒன்றையும் விடாமல், அவசரப்படாமல், காதிலும் கூரையிலுமாக எண்ணினார். முப்பதைத் தாண்டியபோது வெளியே சுவரோரமாகத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் கிளம்பியது.

“ஏங்க! டேங்க் நிரம்பி வழியுது! மோட்டரை நிறுத்துங்க! காதுல அதை மாட்டிக்கிட்டா இவருக்கு உலகமே தெரியாது!”

மோட்டர் சுவிட்ச் அவருக்குப் பின்னால் சுவரில் இருந்தது. கையை நீட்டி நிறுத்தினார். எண்ணுவது நின்றுபோயிருந்தது.

“சார்” என்றார் டீச்சர். “உங்க வீட்லயும் டேங்க் வழியுதா?”

“ஆமாம் மேடம்.”

“எங்க கீழ்வீட்லயும் வழிஞ்சுது. அந்தம்மாவும் இதையேதான் கத்துச்சு. அதே வார்த்தை.” கொஞ்சம் நிறுத்தினார். “இப்ப மோட்டரும் நின்னுடுச்சு.”

பொறுமையின் கை இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது.

“தம்பி... நீங்களா?” என்று காதும் கூரையும் சேர்ந்து கேட்டன.

கையெட்டும் தூரத்தில் கேபிள் இருந்தது. பழைய பழக்கத்தில் அறுந்து தொலைத்தால் இப்போது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் அதைப் பார்த்தார். அது தங்கமாக இருந்தது, அசையவில்லை. வழிகாட்டிப் பக்கத்தில் இந்த இடத்துக்கு வரி எதுவும் இல்லை.

“நான்தான் டீச்சர்” என்றார் தன் சொந்தக் குரலில். “உங்க லைன் என்கிட்டதான் இருக்கு.”

“என்ன தம்பி சொல்றீங்க?”

“முன்பக்க ஜன்னலைத் திறங்க.”

கணினியிலிருந்து நீலக் கேபிளைப் பிடுங்கினார். திரையில் இருந்த காது அணைந்தது. அழைப்பு முடிந்தது. நாற்காலியைத் துடைத்துவைக்கும் மைத்துனரை நினைத்துக்கொண்டே, கிளிப்புகளிலிருந்து கேபிளைக் கழற்றிச் சுருட்டியபடி முன்னறைக்கு வந்தார். தரை துடைக்கும் கழியை எடுத்து அதன் நுனியில் கேபிளைக் கட்டி ஜன்னல் வழியாக மேலே நீட்டினார். கழி காற்றில் ஆடியது.

ஈரக் கையோடு வந்த மனைவி பார்த்தாள். “என்ன பண்றீங்க?”

“டீச்சருக்கு லைன் குடுக்கறேன். இது அவங்களோடதுதான்.”

“இன்னைக்குத்தானே உங்களுக்கு...”

“ஆமா.”

அவள் ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். ஏதோ குத்தப்போகிறாள் என்று அவர் தயாராக நின்றார்.

“அதை இப்படியா பிடிக்கறது? கண்ணுக்குத் தெரியாத நரம்பையே தேடிப் பிடிக்கறவ நான். குடுங்க இங்க” என்று கழியை வாங்கிக்கொண்டாள். மேலிருந்து ஒரு குடையின் வளைந்த கைப்பிடி இறங்கி வந்தது. இரண்டாவது முயற்சியில் கேபிள் மாட்டியது. நீலக் கேபிள் சரசரவென்று மேலே ஏறிப்போனது.

அன்றைக்கு மாலைவரை கூரை அதிர்ந்தது. வகுத்தலில் தொலைந்த பிள்ளைகளை டீச்சர் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார். பொறுமை இருண்ட திரைக்கு முன்னால் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அடித்தபோது மேடம் பெயரைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

“வாழ்த்துகள்!” என்றார் மேடம். “நிரந்தரம் ஆயிட்டீங்க.”

“மேடம்... அவங்க கேட்டாங்களா? அந்த அழைப்பை?”

மேடம் லேசாகச் செருமினார். “நமக்குள்ள இருக்கட்டும். தலைமை அலுவலகத்துல நம்ம கம்பெனி லைன்தானே. அவருக்கு ‘வணக்கம்’ வரைக்கும்தான் கேட்டிருக்கு, அப்புறம் போயிடுச்சு. பதிவைப் பார்த்தாரு. அழைப்பு முடிஞ்சது, வாடிக்கையாளர் எதையும் அழுத்தல. முழுத் திருப்தி.”

அந்தப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக இருந்த அத்தனை ஐந்துகளிலும் அது ஒன்றுதான் நிஜம். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்குப் பிறகு பொறுமை கடையிலிருந்து ஒரு சின்னப் பிரிப்பான் பெட்டியை வாங்கி வந்து மாட்டினார். ஒரே துளையில் இரண்டு வீடு. காலையில் லைன் பறக்கும். மதியத்துக்கு மேல் டீச்சரின் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் மூச்சு வாங்கும். அவருடைய அழைப்புகள் மறுபடி பாதியில் அறுந்தன, மதிப்பெண் மறுபடி ஏறியது, மேடத்தின் குரலில் தேன் திரும்பியது. நிறுவனத்துக்கும் இதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு மதியம் படம் வரைகிறவர் திரும்ப அழைத்தார்.

“இன்னும் வரலைய்யா. இதோட நான் எத்தனை தடவை—”

அறுந்தது.

“போச்சா?” என்றாள் மனைவி, சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே.

“போச்சு.”

“அஞ்சு மார்க். சந்தோஷமா இருங்க.”

பொறுமை எழுந்திருக்கவில்லை. தலைக்குமேல் டீச்சர் ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “விடை சரி. மீதி எங்க? மீதியை யாருடா எழுதுவா?”

திரையில் அந்த வாடிக்கையாளரின் எண் இன்னும் மறையாமல் இருந்தது. பொறுமை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் கைபேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார். இதற்கு மதிப்பெண் கிடையாது. எந்திரம் இதைக் கேட்காது. எதிர்முனையில் எடுத்ததும் வழக்கமான சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“சொல்லுங்க சார், கேட்கறேன். முதல்ல அந்த மோடத்தை விடுங்க. அதுல ஒண்ணும் இல்ல.”